‘ரிலீவ்’ என்ற சொல்லுக்கு ஐந்து அர்த்தம்

மந்தாரக்குப்பத்திலிருந்து வடலூர் போகிற ரோட்டில் கிழக்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வெயில் முதுகில் இருந்தது. தோளில் ரெக்சின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, சோப்பு டப்பா, ஒரு சின்ன அகராதி.

கையில் பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஏறவில்லை. ஜெனரல் ஷிப்ட் விடுகிற நேரம். எந்த பஸ்ஸில் ஏறினாலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். “இன்னா டிக்சனரி, பையோட கெளம்பிட்ட?” என்று ஒரு குரல் கேட்கும். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். நடப்பது சுலபமாக இருந்தது.

இரண்டு பஸ் என்னைத் தாண்டிப் போயின. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “வடலூரு, வடலூரு! ஏறுய்யா, நடந்து இன்னாத்த சாதிக்கப் போற?” என்று கத்தினார். நியாயமான கேள்விதான். கையை ஆட்டி, போகச் சொன்னேன்.

மூக்கைச் சிந்தினேன். பழுப்பாக வந்தது. நெய்வேலி நிலக்கரி அப்படித்தான். வேலையை விட்டுப் பத்து நாள் ஆனாலும் அது மூக்கை விட்டுப் போகாது. நான் வேலையை விட்டு அப்போது இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், “எந்த ஊரிலிருந்தும் நீங்கள் சொல்லிக்கொண்டு கிளம்பியதே இல்லையா?” என்று கேட்டு எழுதியிருந்தார். இல்லை. சில ஊரில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. சில ஊரில் சொல்ல நேரம் இல்லை. நெய்வேலியில் ஆளும் இருந்தார், நேரமும் இருந்தது. முகம்தான் இல்லை.

அந்த ஊரை விட்டு என்னைக் கிளப்பியது ஒரு இங்கிலீஷ் வார்த்தை. மிகவும் நல்ல வார்த்தை.

பெல்ட்டுக்கு அடியில்

சுரங்கத்திலிருந்து நிலக்கரி பெல்ட்டில் வரும். ரப்பர் பெல்ட். ஒரு ரோடு அகலம், பல மைல் நீளம். ஒரு பெல்ட் முடிந்து இன்னொரு பெல்ட்டில் கரி விழுகிற இடத்தில் கொஞ்சம் சிந்தும். கொஞ்சம் என்றால், ஒரு மணி நேரம் விட்டால் முழங்கால் உயரம். அதை வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுகிற வேலைதான் எங்களுடையது. விட்டுவைத்தால் கரி ஏறி ஏறி பெல்ட்டைத் தொடும், உரசும், புகையும். அதனால் அந்த இடம் ஒரு நிமிஷமும் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது.

அங்கேதான் அந்த வார்த்தையை நான் முழுசாகக் கற்றுக்கொண்டேன். ரிலீவ்.

எட்டு மணி நேரம் முடிந்துவிட்டது என்பதற்காகக் கிளம்ப முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். அவர் பேர் ரிலீவர். அவர் வந்து மண்வெட்டியை உன் கையிலிருந்து வாங்கினால்தான் நீ ரிலீவ் ஆனாய். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பேச்சு கேட்காது. வருகிறவர் உன் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டுவார். அந்த இரண்டு தட்டுக்காக உடம்பு முழுக்கக் காத்திருக்கும். சில நாள் ரிலீவர் வராமல் பதினாறு மணி நேரம் நின்றிருக்கிறேன். மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே வந்து, “எம் மச்சினிக்குக் கலியாணம்பா” என்பார். அடிக்கத் தோன்றும். ஆனால் தட்டு விழுந்ததும் கோபம் போய்விடும்.

ஆகவே எங்கள் ஆட்களைக் கேட்டால், இங்கிலீஷிலேயே இனிப்பான வார்த்தை ரிலீவ்தான் என்பார்கள். வீட்டுக்குப் போகலாம், குளிக்கலாம், சாப்பிடலாம் என்று அர்த்தம்.

என்னோடு அதே இடத்தில் நின்றவர் கலியபெருமாள் அண்ணன். பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் அப்பா காலம் வரைக்கும் மற்றவர் நிலத்தில் கூலி வேலை. அந்த நிலமெல்லாம் சுரங்கத்துக்குப் போனபோது நிலத்துக்காரர்களுக்கு ஏதோ கிடைத்தது. நிலம் இல்லாதவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் காண்ட்ராக்டில் சேர்ந்தார். பதினாலு வருஷம் ஒரே பெல்ட். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள். அண்ணன் மாறவில்லை.

அவருக்கு ஒரு லிஸ்ட் இருந்தது. விடாமல் வேலை பார்த்த காண்ட்ராக்ட் ஆட்களை வரிசைப்படி உள்ளே, நிரந்தர வேலைக்கு எடுப்பார்கள் என்று ஒரு பட்டியல். நடுவில் இடைவெளி விழக் கூடாது. விழுந்தால் கடைசிக்குப் போய்விடுவாய். அண்ணன் பேர் மேலே ஏறி ஏறி, அடுத்த முறைக்கு வருகிற இடத்தில் நின்றது.

“உள்ள போனா இன்னா செய்வீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போவேன்” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே எடுத்தால் ஆஸ்பத்திரி அட்டை கிடைக்கும். அவருக்கு இருமல். இருமினால் பேச்சு நின்றுவிடும். பேச்சு எங்கே நின்றதோ அங்கிருந்து மறுபடி தொடங்க மாட்டார். விட்டுவிடுவார்.

டிக்சனரி

நான் ஒன்பதாவது ஃபெயில். இரண்டு முறை. ஆனால் எழுத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சோப்பு உறை, பஸ் போர்டு, மருந்து அட்டை, எதையும் வாய்விட்டுப் படிப்பேன். இங்கிலீஷும் படிப்பேன். சத்தம் சரியாக வரும். அர்த்தம் பாதி வரும். மீதிக்காக விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்ன அகராதி வாங்கியிருந்தேன்.

எங்கள் கேங்கில் யாருக்கு போனில் மெசேஜ் வந்தாலும், பேங்க்கிலிருந்து கடிதம் வந்தாலும் என்னிடம் வரும். “இன்னா டிக்சனரி, இதுல இன்னா எழுதிக்கினு இருக்கான் பாரு.” நான் படிப்பேன். அகராதியைப் புரட்டுவேன். சொல்வேன். அவர்கள் தலையாட்டுவார்கள். டீ வரும்.

பெரிய சம்பளம் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. மதிப்பாக ஒருவன் தலையாட்டுவதும் பழக்கமில்லை. அந்தத் தலையாட்டலுக்காகவே அந்த ஊரில் மூன்று வருஷம் இருந்தேன். நான் ஓர் இடத்தில் மூன்று வருஷம் இருந்தது அங்கே மட்டும்தான்.

பூனாவில் ஒரு முறை

இந்த வார்த்தை என்னை முன்னாலேயே ஒருமுறை ஏமாற்றியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெய்வேலிக்கு வருவதற்கு முன் பூனாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. அங்கேயும் ரிலீவர் வந்தால்தான் கேட்டை விட்டு நகர முடியும். குளிர் காலம். ஒருநாள் காலையில் தாங்க முடியாமல், ரவுண்ட்ஸ் வந்த ஆபீசரிடம் சுண்டு விரலைக் காட்டினேன். அவர் இங்கிலீஷ்காரர் மாதிரி பேசுகிறவர். “கோ, ரிலீவ் யுவர்செல்ஃப்” என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். உன்னை நீயே ரிலீவ் செய்துகொள் என்கிறார். ரிலீவர் வர வேண்டியதில்லை என்கிறார். சல்யூட் அடித்துவிட்டு ரூமுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மத்தியானம் என் பெட்டியை வெளியே வைத்தார்கள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கூட இருந்த ஒரு நேபாளிதான் ஹிந்தியில் விளக்கினான். விளக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒன்றுக்குப் போய்விட்டு வா என்பதை இங்கிலீஷில் இப்படியும் சொல்வார்களாம்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை ஓர் இடத்தில் ஒரு முகத்தைக் காட்டினால் இன்னோர் இடத்திலும் அதே முகம்தான் காட்டும் என்று இல்லை. ஆனால் நான் அதைச் சிரிப்புக் கதையாக்கி, போகிற ஊரில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கலியபெருமாள் அண்ணனுக்கும் சொன்னேன். இருமி இருமிச் சிரித்தார்.

நான் எழுதிய கடிதம்

அண்ணனுக்கு இருமல் அதிகமான மாதம் அது. பெல்ட்டுக்கு அடியில் நிற்க முடியவில்லை. மேலே, காற்றோட்டமான இடத்தில் ஒரு டூட்டி இருந்தது. அதற்கு மாற்றிக் கேட்கலாம் என்று மந்தாரக்குப்பத்தில் இருந்த காண்ட்ராக்ட் ஆபீசுக்குப் போனோம். ஒரு கடைக்கு மேல் மாடி. அங்கே மேனேஜர் ஒருவர். வெள்ளைச் சட்டை. எங்கள் யாரையும் அவர் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

“உக்காருங்க. இன்னா பிரச்சினைங்க?” என்றார். கேட்டார். “ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. பார்த்துப் பண்ணிடலாம்.”

தமிழில் எழுதியிருக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் இங்கிலீஷில் எழுதினேன். ‘ப்ளீஸ் ரிலீவ் மீ ஃப்ரம் பெல்ட் டூட்டி’ என்று முத்து முத்தாக எழுதினேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் வாங்கிப் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நல்லா எழுதறீங்களே. எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“கொஞ்சம் படிச்சிருக்கேன் சார்.”

படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் இல்லை.

அவர்கள் எழுதிய கடிதம்

இரண்டு வாரம் கழித்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். “கூட அந்தத் தம்பியையும் கூட்டிக்கினு வாங்க” என்று சொல்லியிருந்தார்கள். போனோம்.

ஒரு தாள். பாதிப் பக்கம் டைப் அடித்திருந்தது. மேனேஜர் அதை அண்ணனிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தார்.

“நீங்களே படிச்சிச் சொல்லிடுங்க. நான் சொன்னா ஆபீஸ்காரன் ஏதோ சொல்றான்னு தோணும். நீங்க அவங்க ஆளு.”

படித்தேன். ‘அட் யுவர் ஓன் ரிக்வெஸ்ட் யூ ஆர் ரிலீவ்டு ஃப்ரம் யுவர் டூட்டீஸ்.’ அதற்குக் கீழே தேதி, பேர், நம்பர்.

அகராதி பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவசரப்பட்டுச் சொல்லவில்லை. இதை இங்கே எழுதிவைக்க வேண்டும். ரிலீவ் என்பதற்கு அதில் ஐந்து அர்த்தம் போட்டிருந்தது. துயர் தணி. உதவு. பளு குறை. காவல் மாற்று. பணியினின்று விடுவி.

ஐந்தும் நல்ல வார்த்தைகள். அண்ணனுக்கு ஐந்தும் பொருந்தின. அவர் துயரம் தணிகிறது, உதவுகிறார்கள், பளு குறைகிறது, இடம் மாற்றுகிறார்கள், பெல்ட்டுக்கு அடியில் இருக்கிற பணியிலிருந்து விடுவிக்கிறார்கள். அதுவும் அவர் கேட்டுக்கொண்டபடியே. ‘டூட்டி’ என்று நாங்கள் எழுதியதை அவர்கள் ‘டூட்டீஸ்’ என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு ‘ஸ்’. அதை மரியாதைக்குப் போட்டது என்று நினைத்தேன்.

“அண்ணே, நீங்க கேட்ட மாதிரியே அடி டூட்டிலருந்து ரிலீவ் பண்ணிட்டாங்க” என்றேன்.

“மேல எந்த எடம்னு போட்டுக்கினு இருக்கா?”

“அது அப்புறம் சொல்வாங்க அண்ணே. இது ரிலீவ் லெட்டரு.”

அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது. மேலே உள்ளதைத் தமிழில் விளக்கிச் சொன்னவர் கையெழுத்து. அதில் நான் போட்டேன். பெரிதாக, அடியில் ஒரு கோடு இழுத்து.

அன்று அண்ணன் வீட்டில் அஞ்சலை அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தார்கள். அண்ணி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை செய்கிறவர்கள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “தம்பி இல்லன்னா இவுரு இன்னும் அந்தப் பொகைக்குள்ளதான் நின்னுக்கினு இருப்பாரு” என்றார்கள். ஒரு துண்டு அதிகமாக விழுந்தது. சாப்பிட்டேன்.

கேட்டில்

மறுநாள் கேட்டில் அண்ணனின் பாஸை வாங்கி, திருப்பிக் கொடுக்கவில்லை.

“உம் பேரு இல்லப்பா” என்றார் செக்யூரிட்டி.

“எனுக்கு எடம் மாத்தியிருக்காங்க சார். மேல டூட்டி. ரிலீவ் லெட்டர் குடுத்துட்டாங்க.”

“அதாம்பா. ரிலீவ் பண்ணிட்டாங்க. வூட்டுக்குப் போ.”

நான் அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாவது அர்த்தம் எனக்கு அங்கேதான் முழுசாகத் தெரிந்தது. அகராதியைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாவதாக அது சரியாகத்தான் போட்டிருந்தது. பணியினின்று விடுவி. எந்தப் பணி என்று அகராதி சொல்லாது. எல்லாப் பணியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் காண்ட்ராக்ட் கைமாறுகிறது என்று தெரிந்தது. பழைய கம்பெனி போய்ப் புதிய கம்பெனி வரப் போகிறது. லிஸ்ட்டில் மேலே இருந்த ஆறு பேருக்கு அதே கடிதம் தயாராக இருந்ததாம். அண்ணன்தான் முதல். அண்ணனுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போடவில்லை. தப்பித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் என் தோளில் கை போட்டு, “நல்ல காலம், எங்களுக்கு நீ படிச்சிக் காட்டல டிக்சனரி” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

புதிய கம்பெனி அண்ணனை வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும், எடுத்துக்கொள்கிறோம் என்றது. அதே பெல்ட், அதே அடி. ஆனால் புது ஆள். பதினாலு வருஷம் நின்ற இடத்தில் அவர் முதல் நாள் ஆள். லிஸ்ட்டில் கடைசி.

தமிழில் எப்படிச் சொல்வோம்

ரோட்டில் நடக்கும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு போனேன்.

ஒருவனை வேலையை விட்டு அனுப்பினால் நாம் என்ன சொல்கிறோம்? தூக்கிட்டான். தொரத்திட்டான். சீட்டக் கிழிச்சிட்டான். வெளிய தள்ளிட்டான். எல்லாவற்றிலும் ஒரு கை இருக்கிறது. யாரோ ஒருவன் செய்தான் என்று கேட்கிறவனுக்கு விளங்கும். கோபப்படுவதற்கு ஓர் ஆள் கிடைப்பான்.

இங்கிலீஷில் இதற்கு வரிசையாக வார்த்தை வைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குணமானவனுக்கும் அதே வார்த்தை. ரிலீஸ் என்கிறார்கள். ஜெயிலை விட்டு வருகிறவனுக்கும் புதுப் படத்துக்கும் அதே வார்த்தை. ரிலீவ் என்கிறார்கள். தலைவலித் தைலத்துக்கும் அதே வார்த்தை. புயலடித்த வருஷம் எங்கள் தெருவில் இறங்கிய அரிசி மூட்டையில் ‘ரிலீஃப்’ என்று எழுதியிருந்தது. அந்த ரிலீஃபுக்கு ரிலீவ்தான் அம்மா.

கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் நெற்றி வேர்வையைத் துடைத்துவிடுகிற மாதிரி ஒரு வார்த்தை. அதை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ, அவன் ஒருநாளும் மண்வெட்டி பிடித்திருக்க மாட்டான்.

ஆனால் இந்த யோசனை எல்லாம் எனக்கு ஒரு வேலைதான் செய்தது. அன்று மத்தியானம் நடந்ததை நினைக்காமல் இருக்க உதவியது.

அன்று மத்தியானம்

யூனியனில் தங்கராசு என்று ஒருவர். அண்ணனுக்காக மேனேஜரோடு பேச ஒத்துக்கொண்டார். புதிய கம்பெனி பொறுப்பு எடுப்பதற்கு முன் பழைய மேனேஜரே அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கிவிட்டால் இடைவெளி விழாது. அண்ணன் லிஸ்ட்டில் அதே இடத்தில் இருப்பார். அதற்கு ஒரே ஒரு வழி இருந்தது.

படிக்கட்டுக்குக் கீழே என்னை நிறுத்தி வைத்துத் தங்கராசு சொன்னார்: “அவரு தெரியாம கையெழுத்துப் போட்டாருன்னு சொல்லப் போறோம். ஆனா வெளக்கிச் சொன்னவன்னு ஒங்கையெழுத்து இருக்குது. நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். எனுக்கு இங்கிலீஷ் தெரியாது, சும்மா போட்டேன். வேற ஒண்ணும் பேசாத.”

“அந்த மொதல் லெட்டரு, நான் எழுதுனது?”

“எதையோ பாத்து எழுதுனேன்னு சொல்லு. தெரியாதுன்னு சொல்லுப்பா, போதும்.”

சரி என்றேன். அண்ணியிடமும் சொன்னேன். அண்ணி வேலைக்குப் போகாமல் வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே போனோம். தங்கராசு, அண்ணன், நான். அறையில் மேனேஜரும், கம்ப்யூட்டர் முன்னால் வேலை செய்கிற ஒரு பெண்ணும் இருந்தார்கள்.

தங்கராசு நன்றாகப் பேசினார். மேஜையைத் தட்டாமல், சத்தம் போடாமல் பேசினார். “இந்த ஆளப் போயி வெளக்கச் சொல்லியிருக்கீங்க. இவன் ஒம்போதாவது ஃபெயிலுங்க. ரெண்டு தடவ ஃபெயிலு. தற்குறி. இவனுக்கு இன்னா இங்கிலீஷ் தெரியும்? இவன் போட்ட கையெழுத்துக்கு இன்னா மதிப்பு?”

அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். கேலிச் சிரிப்புகூட இல்லை. ஒரு சாதாரணச் சிரிப்பு.

மேனேஜர் என்னைப் பார்த்தார். “அப்படிங்களா? இங்கிலீஷ் தெரியாதுங்களா உங்களுக்கு?”

நான் வாயைத் திறக்கும் முன் மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கான பாதுகாப்பு விதிகள். முழுக்க இங்கிலீஷ்.

“இத கொஞ்சம் படிங்க, பாக்கலாம்.”

தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். தடுமாறியிருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படித்திருக்கலாம். தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கலாம். இத்தனை வழி இருந்தது. இன்று வரைக்கும் புதிது புதிதாக வழி தோன்றிக்கொண்டிருக்கிறது.

நான் படித்தேன்.

முதல் வரியை மெதுவாகப் படித்தேன். இரண்டாவது வரி வேகமாக வந்தது. மூன்றாவது வரியில் ஒரு நீளமான வார்த்தை. அதையும் சரியாகச் சொன்னேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நாலாவது, ஐந்தாவது வரியும் படித்தேன். பாதிக்கு மேல் எனக்கு அர்த்தம் தெரியாது. சத்தம் மட்டும் அழகாக வந்தது.

கலியபெருமாள் அண்ணன் எனக்குப் பக்கத்தில் நின்று, வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கேங்கில் நான் படித்தால் எப்படி ஆட்டுவாரோ, அப்படியே.

மேனேஜர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “நல்லா படிக்கிறீங்களே, தம்பி” என்றார். பிறகு தங்கராசைப் பார்த்தார். “நீங்கதான் சொல்லணும் சார்.”

தங்கராசு பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கீழே அண்ணி எழுந்து நின்றார்கள். “இன்னா ஆச்சு?”

அண்ணன் இருமினார். இருமி முடித்துவிட்டு, “தம்பி நல்லா படிச்சிச்சி” என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. மேலே நடந்ததில் அவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அண்ணிக்கு எல்லாமே புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டியிருந்தால் ஒருவேளை நான் அந்த ஊரிலேயே இருந்திருப்பேன். அவர்கள் திட்டவில்லை. சோறு போடும்போது பேசுகிற அதே குரலில்தான் கேட்டார்கள்.

“ஒரே ஒரு நாளு, ஏம்பா... ஒரு நாளு படிக்காம இருந்திருக்கக் கூடாதா நீ?”

அண்ணன் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். “வுடு, புள்ள என்னா பண்ணும்” என்று சொல்லிக்கொண்டே போனது கேட்டது. அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது.

ரூமுக்குப் போனேன். பையை எடுத்தேன்.

பண்ருட்டி

வடலூர் போய்ச் சேரும்போது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். தருமசாலையில் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. யார், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்காமல் சோறு போடுகிற இடம். சாப்பிட்டேன். ரசம் சூடாக இருந்தது. பக்கத்து இலையில் இருந்தவர் சுவரில் எழுதியிருந்த ஏதோ ஒரு வரியைக் காட்டி, “அது இன்னாங்க?” என்று கேட்டார். காது கேட்காதவன் மாதிரி குனிந்து சாப்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் பண்ருட்டி போனேன். பலாப்பழக் காலம். மண்டிக்கு வெளியே ரோடு வரைக்கும் பழம் குவிந்திருந்தது. ஊரே அந்த வாசனையில் ஊறிக் கிடந்தது. நிலக்கரி ஏறிய மூக்குக்கு அது வாசனையாகத் தெரியாமல் ஏதோ அடி வாங்கின மாதிரி இருந்தது.

மண்டிக்காரர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கேர்ந்து வர?”

“நெய்வேலிங்க.”

“மைன்ஸ்ல இருந்தியா? அப்ப படிச்சவனா இருப்ப. லாரிக்காரனுங்க பூரா வடக்கத்திப் பசங்க. எந்த லோடு எந்த ஊருன்னு அவன் பேப்பரப் பாத்துப் படிச்சிச் சொல்ல ஆளு இல்லாம அல்லாடிக்கினு இருக்கேன். நெழல்ல ஒக்காந்த வேல. இங்கிலீஷ் எழுத்து தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“தமிழாவது?”

“அதுவும் தெரியாதுங்க.”

“பேராவது எழுதுவியா?”

“கைநாட்டுதாங்க.”

அவர் சலித்துக்கொண்டார். “பாக்க அப்பிடித் தெரியலியேடா. சரி, போ, தூக்கு.”

ஒரு பழைய துணியைச் சுருட்டித் தலையில் வைத்தார்கள். அதன் மேல் முதல் பழத்தை ஏற்றினார்கள். துணியையும் தாண்டி முள் குத்தியது. காம்பிலிருந்து பால் வடிந்து காதோரம் ஒட்டியது. லாரி வரைக்கும் நாற்பது அடி.

லாரியின் பக்கவாட்டில் ஏதோ பெரிது பெரிதாக எழுதியிருந்தது. தலையில் பாரம் இருந்ததால் நிமிர முடியவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.